டைமிங் பெல்ட்: பெயிண்ட் குறியா, கம்பெனிக் குறியா, லாக்கிங் டூலா?

வீட்டில் டைமிங் பெல்ட் மாற்றுகிறவருக்கு போல்ட் கழற்றுவதெல்லாம் பொறுமை இருந்தால் ஆகிற காரியம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம், இரண்டையும் இணைப்பது இந்தப் பெல்ட். பழையது கழன்று புதியது ஏறும்வரை கேமும் கிராங்க்கும் இடம் மாறாமல் இருக்க வேண்டும், அங்கேதான் கை நடுங்கும். அதற்கு மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது.

செலவே இல்லாதது பெயிண்ட் குறி. கழற்றுமுன் பெல்ட்டிலும் அது ஓடும் பல் சக்கரங்களான புல்லிகளிலும் கோடு போட்டு, கோடுகளுக்கு இடையே எத்தனை பல் என்று எண்ணி, புதிய பெல்ட்டிலும் அப்படியே போட்டுக்கொள்வது. சிக்கல் என்னவென்றால், போன தடவை மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் நீங்களும் அதையே மாட்டுவீர்கள். ஒரு பல்தானே என்று நினைக்க வேண்டாம். கேம் புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கு 9 டிகிரி. கேம் ஒரு சுற்று வர கிராங்க் 2 சுற்று போக வேண்டும், ஆக கிராங்க் கணக்கில் 18 டிகிரி. இழுவை குறைந்து இன்ஜின் உதற அது போதும். பிஸ்டன் எட்டும் தூரத்தில் வால்வு இறங்குகிற இன்ஜினாக இருந்து, இன்னும் சில பல் தள்ளிவிட்டால் வால்வு வளைந்துவிடும்.

புல்லியிலும் இன்ஜின் பாடியிலும் கம்பெனியே வைத்திருக்கும் குறிகள் இதைவிட நம்பகமானவை. யார் எப்படி மாட்டியிருந்தாலும் அவை மாறாது. என் ஓட்டு இதற்குத்தான், பெயிண்டைப் பக்கத்துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, குறியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சாய்வாக எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பல்லும் சரியாகத்தான் தெரியும்.

லாக்கிங் டூல் கேமையும் கிராங்க்கையும் அசையாமல் பூட்டிவிடும். வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் படக்கென்று திரும்பும் இரட்டைக் கேம் இன்ஜினில் நிம்மதி. சில இன்ஜின்களில் புல்லி தண்டில் நழுவாமல் பிடிக்கும் சாவித் துண்டே கிடையாது, போல்ட்டின் இறுக்கம்தான் பிடித்திருக்கும். அங்கே டூல் இல்லாமல் தொடவே கூடாது. ஆனால் டூல் மாட்டிய தைரியத்தில் கிராங்க் போல்ட்டை முறுக்காதீர்கள், பூட்டியிருக்கும் டூலின் ஊசி வளையும். புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவி உண்டு.

(பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, இவற்றைப் பழசாகவே விடுவது வீண் சிக்கனம். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.)

எந்த வழியானாலும் டூலை எடுத்துவிட்டு, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் 2 முழுச் சுற்று சுற்றிக் குறிகளைத் திரும்பப் பாருங்கள். அப்போது பெல்ட்டில் போட்ட கோடு வேறெங்கோ போயிருக்கும். பயப்பட வேண்டாம், பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு. புல்லிக் குறி சேர்ந்தால் சரி. சுற்றும்போது கம்ப்ரஷனால் கனமாக இருந்து மெல்ல வழிவிடுவது இயல்பு. இரும்பில் இடித்ததுபோல டக்கென்று நின்றால் அதற்குமேல் அழுத்தாதீர்கள், ஸ்டார்ட்டர் பக்கம் போகவே போகாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து வாருங்கள்.