அதட்டும் தலைமையா, காது கொடுக்கும் தலைமையா?

தேயிலைத் தோட்டத்தில் புதிதாக மேற்பார்வைக்கு வந்த தம்பி, தங்கச்சிமார் குழம்புவது இதில்தான்.

பழையது, அதட்டும் தலைமை: 1911இல் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் எழுதியபடி, யோசிப்பது நிர்வாகம், செய்வது தொழிலாளி. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில், ஆட்களை மேய்க்கும் கங்காணி பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது.
புதியது, காது கொடுக்கும் தலைமை: 1970இல் அமெரிக்க எழுத்தாளர் கிரீன்லீஃப் சொன்னது. முதலில் சேவகன், அப்புறம்தான் தலைவன்.

வேகம்: பழையதில் வேலை உடனே நடக்கும். புதியதில் நேரம் போகும்.

நிலைப்பு: அதட்டல் ஆள் மறையும்வரைதான். எந்த நிரையில் (செடி வரிசையில்) கொழுந்து முற்றிக் கிடக்கிறது, எங்கே குளவிக்கூடு தொங்குகிறது என்பதெல்லாம் கொழுந்தெடுக்கும் அக்காமாருக்குத்தான் தெரியும், கேட்டால் சொல்வார்கள், அதட்டினால் வாயே திறக்க மாட்டார்கள், அப்புறம் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடும்போதும் மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் பழையதே சரி. மலையிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூட்டத்திலும் புதியதைத்தான் எடுப்பேன்.