குதிரைத் தீவனத்தில் மூலிகை உருண்டையா, தாது உப்பு மாவா?

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் எல்கைப் பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி நாட்டுமருந்துக் கடையில் சுக்கு, மிளகு, ஓமம், வெந்தயம், மஞ்சள் வாங்கி இடித்து, கருப்பட்டியில் பிசைந்து உருண்டையாக ஊட்டும். இன்னொரு கட்சி கால்நடை மருந்துக் கடையில் தாது உப்பும் வைட்டமினும் கலந்த மாவை வாங்கித் தீவனத்தில் கலக்கும். என் மட்டக்குதிரைக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது மாவுக் கட்சியில் இருக்கிறேன்.

மூலிகையைக் குறைத்துப் பேச மாட்டேன். பந்தயம் ஓடிய மறுநாள் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும் குதிரை, ஓமமும் சுக்கும் சேர்ந்த உருண்டைக்கு வாய் வைக்கிறது. பசியைத் தூண்ட அது போதும். அதற்கு மேல் சொல்லப்படுவதில்தான் எனக்குத் தயக்கம். வேப்பிலையும் குப்பைமேனியும் அரைத்துக் கொடுத்தால் குடற்புழு போய்விடும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. லத்தியைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பூண்டை அதிக அளவில், நாள் தவறாமல் கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும். வேலியோரத்துச் சூபாபுல் தழையை அள்ளிப் போடுவதும் ஆபத்து. அதிலுள்ள மைமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்ட வைக்கும்.

வைட்டமின் பக்கமும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வைட்டமின் சி-யைக் குதிரை தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். பி வகைகளையும் கே-யையும் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஏ-யும் ஈ-யும் பச்சைப் புல்லில் இருக்கின்றன, காய்ந்த தீவனத்தில் அழிந்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் வெறும் வைக்கோலில் நிற்கும் குதிரைக்கு மட்டும் அவை உண்மையாகவே தேவை. குளம்பு வெடிப்புக்குப் பயோட்டின் கொடுக்கலாம், ஆனால் குளம்பு மேலிருந்து கீழே முழுதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஒரு டப்பா தீர்ந்ததும் பலனில்லை என்று விட்டுவிட்டால் செலவுதான் மிச்சம்.

என்னை மாவின் பக்கம் இழுத்தது வைட்டமின் இல்லை, கால்சியம். நம் பக்கத்துத் தீவனத்தை எடுத்துப் பாருங்கள்: வைக்கோல், கோதுமைத் தவிடு அல்லது அரிசித் தவிடு, அவித்த கொள்ளு, கிணறு உள்ளவர்களிடம் கோ-4 என்ற தீவனப் புல். கொள்ளைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் தவிட்டில் இருக்கிறது. இரண்டு கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல், கால்சியம் 3 கிராம்கூடத் தேறாது. குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது, சமத்துக்குக் கீழே போகவே கூடாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சும்மா நிற்கும் நாளிலேயே சுமார் 12 கிராம் கால்சியம் வேண்டும்.

அப்புறம் அந்தக் கோ-4 புல். இந்தக் கம்பு நேப்பியர் இனத்திலும், வைக்கோலிலும் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். "மாடு தின்று நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரையோ சிறுகுடலில் கால்சியத்தை உறிஞ்ச வேண்டும், ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தாண்டிப் பெருங்குடலில் இருக்கின்றன. கால்சியம் கைக்கு எட்டாமல் லத்தியோடு போய்விடும்.

பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். முதலில் ஒரு நாள் முன்னங்கால், இன்னொரு நாள் பின்னங்கால் என்று மாறி மாறி நொண்டும். லாடம் அடிப்பவரைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். மெல்லும் வேகம் குறையும். நாளாக ஆக எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு நிரம்பி, இரண்டு பக்கமும் கன்னத்து எலும்பும் தாடையும் புடைத்து முகமே பெரிதாகிவிடும். ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது, எலும்பிலிருந்து இறங்குவதால் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே காட்டலாம். மாதம் ஒருமுறை கண்ணுக்குக் கீழே இரண்டு கன்ன எலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும்.

இந்தப் பள்ளத்தைச் சுக்கும் மிளகும் நிரப்பாது. மூலிகைக் கட்சியின் உண்மையான பலம் முருங்கைக் கீரை. அதில் கால்சியமும் ஏ, ஈ வைட்டமின்களும் நிறைய. தோட்டம் உள்ளவர்கள் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் கோடையில் தண்ணீர் வற்றியதும் மசால் நின்றுவிடும், முருங்கையை நாள்தோறும் ஒடித்துக்கொண்டே இருக்க முடியாது. மாவு பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் கிடைக்கிறது. நான் செய்தது, தவிட்டைப் பாதியாகக் குறைத்து, நாளுக்கு 30 கிராம் கால்சியம் கார்பனேட்டும் மருத்துவர் சொன்ன அளவில் தாது உப்புக் கலவையும் சேர்த்தேன். அந்த 30 கிராமில் சுமார் 11 கிராம் கால்சியம் கிடைக்கும், ஒரு கிலோ வாங்கினால் ஒரு மாதம் வரும். கடையில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) கொடுத்தால் யோசியுங்கள், அதில் பாஸ்பரஸும் இருக்கிறது. தவிடு தின்னும் குதிரைக்கு அது தேவையில்லை.

உலர்ந்த மாவை மேலே தூவினால் குதிரை உதட்டாலேயே கொள்ளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடியை விட்டுவைக்கும். கருப்பட்டித் தண்ணீரில் தவிட்டை ஈரமாக்கிப் பிசைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஓமத்தைச் சேர்க்க ஆசைப்பட்டால் அதிலேயே ஒரு சிட்டிகை போடலாம், நானும் போடுகிறேன்.

சினைக் குதிரையும் குட்டியும் நான் வளர்த்ததில்லை. அவற்றுக்குத் தேவை கூடுதல் என்பது தெரியும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டப்பா மாவை ஒன்றாகக் கலக்காதீர்கள். இந்தக் கலவைகளில் சேர்க்கப்படும் செலினியம் என்ற தாது, தேவையான அளவைத் தாண்டினால் விஷம். 2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செலினியம் மிகுந்துபோன ஒரு கலவையால் 21 போலோ குதிரைகள் செத்தன. மாட்டுக்கும் கோழிக்கும் தயாரித்ததை வாங்கினால், மோனென்சின் இருக்கிறதா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கோழிக்குக் கொடுக்கும் அந்த மருந்து கொஞ்சம் போனாலே குதிரையின் இதயம் நின்றுவிடும்.