ஒளிரும் மேகம் பார்க்க ஒரு 7×50 பைனாகுலர்

கோடை இரவில் வடக்கே நீலவெள்ளையாக ஒளிரும் நாக்டிலூசன்ட் மேகங்களைப் பார்ப்பதற்கென்றே இந்த 7×50 பைனாகுலரை (ஏழு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) வாங்கினேன். இரண்டு கோடை பார்த்தாயிற்று, இனி எழுதலாம்.

உண்மையில் இந்த மேகத்துக்கு வெறுங்கண்ணே போதும். ஆனால் பார்ப்பது அதுதானா, அந்தி வெளிச்சத்தில் நிற்கும் சாதாரணக் கீற்று மேகமா என்று முதலில் ரொம்பக் குழம்பினேன். பைனாகுலரில் சட்டென்று தெரிந்துவிடுகிறது. கீற்று மேகம் பெரிதாகிப் பஞ்சு போலக் கலங்குகிறது. ஒளிரும் மேகம் இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது. போன ஜூலையில் ஒருநாள், வெறுங்கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தீற்றல். இதில் பார்த்தால் அலை வடிந்த மணலில் விழும் வரிகள் மாதிரி நெருக்கமான கோடுகள், ஓரத்தில் ஒரு சுழி. 80 கிலோமீட்டருக்கும் மேலே, விண்கல் தூசியைச் சுற்றி உறைந்த பனித்துகள்கள் அவை. நமக்கு மறைந்த சூரியன் அந்த உயரத்துக்கு இன்னும் மறையவில்லை, அவ்வளவுதான் விஷயம். படித்துத் தெரிந்ததுதான், ஆனாலும் அந்தக் கோடுகள் மெல்ல உருமாறுவதைப் பார்த்தபோது கழுத்து வலியே மறந்துபோனது.

10×50 வேண்டாமா என்றால், எனக்கு வேண்டாம். அதில் கைநடுக்கமும் பத்து மடங்கு. வானத்தில் அகலமாகப் பரவிக் கிடப்பதைப் பார்க்க ஏழு மடங்கே தாராளம். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையும் 7 மில்லிமீட்டர் அகலம். (வயதானால் கண்மணி அவ்வளவு விரியாது, பாதி ஒளி வீண். நானும் அந்தக் கட்சிதான்.)

குறையும் இருக்கிறது. வலது கண்ணின் பார்வைக்கேற்பத் தெளிவைச் சரிசெய்யும் டயாப்டர் வளையம் படு லூசு. கழுத்தில் தொங்கும்போது சட்டையில் உரசியே திரும்பிவிடுகிறது. விற்றவரிடம் சொன்னால், "எல்லாமே அப்படித்தான் சார்" என்றார். இப்போது கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அப்புறம் எடை: பத்து நிமிஷத்தில் தோள் கடுக்கும். ஸ்டாண்டில் மாட்ட மரை இருக்கிறது, அடாப்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

வட அட்சரேகை 50 டிகிரிக்கு மேலே இருப்பவர்கள் வாங்குவதானால் மே மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். சீசன் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரைதான். நான் ஜூன் கடைசியில் ஆர்டர் போட்டேன். பார்சல் வழியில் இருந்தபோது, அந்தக் கோடையின் மிக அழகான இரண்டு இரவுகள் போயே போய்விட்டன.