பதினோராம் அத்தியாயத்தில் நின்ற நாவலும் ஸ்க்ரிவனர் அட்டைகளும்: நான்கு வருட அனுபவம்

ஒரு கோலி சோடா கம்பெனி, அதை நடத்தும் குடும்பம், அப்பா இறந்த பிறகு நடக்கும் பாகப்பிரிவினை. இதுதான் நான் எழுதிக்கொண்டிருந்த நாவல். ஒரே வேர்ட் கோப்பு, 180 பக்கம். பதினோராம் அத்தியாயத்தில் எல்லோரும் பாகம் பிரிக்க உட்காருகிறார்கள், அந்த இடத்தில் ஏழு மாதம் நின்றுவிட்டேன். தினமும் ராத்திரி கோப்பைத் திறப்பேன், முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்து அங்கங்கே ஒரு சொல்லை மாற்றுவேன், அந்த அத்தியாயம் வந்ததும் மூடிவிடுவேன். எழுத வரவில்லை, சரக்கு தீர்ந்துபோச்சு என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே பயமாக இருந்தது.

முதலில் கைகொடுத்தது ஃப்ரீபிளேன். இலவசம், மைண்ட் மேப், அதாவது நடுவில் ஒரு சொல்லை வைத்து எண்ணங்களைக் கிளை கிளையாக விரிக்கும் படம் போடுவதற்கான மென்பொருள். டேப் தட்டினால் கிளை, என்டர் தட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று, அவ்வளவுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. நடுவில் 'சோடா' என்று போட்டுவிட்டு அரைமணி நேரம் தட்டினேன். வெடித்த பாட்டில், அப்பாவின் கையில் இருந்த தழும்பு, கல்யாண வீட்டு ஆர்டர், திரும்பி வராத காலிப் பாட்டில்கள் என்று வந்துகொண்டே இருந்தது. சரக்கு தீரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மைண்ட் மேப்பில் எது முன்னே எது பின்னே என்பது கிடையாது, எல்லாம் நடுவைச் சுற்றி நிற்கும். கதைக்கு அது போதாது.

அப்புறம்தான் ஸ்க்ரிவனர், நீளமாக எழுதுகிறவர்களுக்கான மென்பொருள். கீத் பிளவுன்ட் என்பவர் தான் எழுதுவதற்குத் தோதான கருவி இல்லையென்று தானே நிரல் எழுதக் கற்று உருவாக்கியது, 2007இல் மேக்குக்கு வந்தது, பிறகு விண்டோஸுக்கும். இதில் கோப்பு முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம். அட்டைகளைப் பலகையில் குத்தி வைத்ததுபோலக் காட்டும் கார்க்போர்டில் அட்டையை இழுத்து இடம் மாற்றினால் பின்னால் இருக்கும் எழுத்தும் கூடவே நகரும். நான் எழுதி வைத்திருந்ததை வெட்டி வெட்டிப் போட்டேன், 43 அட்டை வந்தது. யாருடைய காட்சியோ அவருக்கு ஒரு நிறம்: அண்ணனுக்கு நீலம், தம்பிக்கு ஆரஞ்சு, தங்கை சரசுவுக்குப் பச்சை. மூன்றாம் பதிப்பில் அட்டைகளை நிறவாரியாக அடுக்கும் வசதி இருக்கிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு, அதில் அந்த நிற அட்டைகள் கதை வரிசைப்படி நிற்கும். போட்டுப் பார்த்தேன். பச்சைக் கோட்டில் ஒன்பதாவது அட்டைக்கு அப்புறம் முப்பத்தியொன்று வரைக்கும் வெறும் இடம்.

சரசுவை நான் மறந்தே போயிருந்தேன். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டியவள் அவள், அத்தனை பக்கமாக ஆளையே காணோம். அவள் திடீரென்று வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்? என் கைக்கு அது முன்னாடியே தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுத மறுத்திருக்கிறது. நீளமான கோப்பில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தவரை அது என் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கே ஒரு பச்சை அட்டை போட்டேன்: "வெள்ளிக்கிழமை. தண்ணி லாரி வரலை. சரசு காலிப் பாட்டில் எண்ணுறா, ரெண்டு குறையுது. யார்கிட்டயும் சொல்லலை." காட்சியாக எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கடுத்த மாதம் பதினோராம் அத்தியாயமும் முடிந்தது.

ஸ்னாப்ஷாட் வசதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு துண்டைத் திருத்துவதற்கு முன்னால் அதைப் படம் பிடித்ததுபோல அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பழையபடி கொண்டுவரலாம். வெட்டத் தைரியம் வந்தது இதனால்தான்.

மூன்று அங்கம், நாயகனின் பயணம் என்று கிடைக்கும் ஆயத்தக் கதை வார்ப்புகளையும் போட்டுப் பார்த்தேன். கட்டங்களை நிரப்பியதும் கதை உயிரில்லாத மரக்கட்டைபோல ஆகிவிட்டது, எடுத்துவிட்டேன். ஏஐ சாட்பாட்டிடம் யோசனை கேட்டால் எங்கேயோ படித்த மாதிரியேதான் வருகிறது. ஆனால் "யோசனை சொல்லாதே, சரசுவைப் பற்றி என்னிடம் பத்துக் கேள்வி கேள்" என்றால் உதவுகிறது, அதில் ஒன்றிரண்டு கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது, அங்கேதான் அடுத்த அட்டை இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எழுத்துருவை முதலிலேயே நிர்மலா மாதிரி ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். தினசரி வார்த்தை இலக்கை ஆங்கிலத்துக்குச் சொல்கிற கணக்கில் வைக்காதீர்கள், 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே வார்த்தை. 1000 வைத்துவிட்டுத் தினமும் தோற்றேன், 400 என்று குறைத்த பிறகு மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஸ்க்ரிவனர் ஆண்ட்ராய்டில் கிடையாது. பஸ்ஸில் தோன்றுவதை போனில் தமிழிலேயே பேசி நோட்ஸில் ஏற்றி, ராத்திரி அட்டையாக ஒட்டுகிறேன். இன்னொன்று, ஒரே கதையை க்ளவுட் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியில் திறந்து வைக்காதீர்கள். அப்படி வைத்ததில் எனக்கு மூன்று அட்டை காணாமல் போனது. மூடும்போது ஸ்க்ரிவனர் தானாக எடுத்து வைக்கும் பேக்கப்பிலிருந்துதான் மீட்டேன்.

சந்தா இல்லை, ஒருமுறை காசு கட்டினால் போதும். சோதனைக் காலம் 30 நாள், அதுவும் திறக்கும் நாளை மட்டுமே கணக்கில் எடுக்கும், வாரம் இரண்டு நாள் எழுதுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். பாதியில் நின்ற கதை ஏதாவது இருந்தால் அதை வெட்டிப்போட்டுப் பார்க்க இந்த அவகாசமே தாராளம். என் நாவலில் இப்போது 61 அட்டை, எழுத வேண்டியது மூன்று, மூன்றுமே பச்சை.