ஓவர்டிராவா, லேசான கார்பன் அம்பா?
காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் கப்பி வைத்த வில்) வேகம் கூட வேண்டுமா, அம்பின் எடையைக் குறைக்க வேண்டும். அலுமினிய அம்பு ஓடிய 1980களில் அமெரிக்காவில் இதற்கு ஓவர்டிரா மாட்டினார்கள்: அம்பு உட்காரும் ரெஸ்டைக் கைப்பிடிக்குப் பின்னால் சில அங்குலம் தள்ளி வைத்தால் அம்பை அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வேகம் கிடைக்கும், சரி. ஆனால் மணிக்கட்டு லேசாகத் திரும்பினாலே ரெஸ்ட் பக்கவாட்டில் நகர்ந்து குறி தப்பும், முழுக்க இழுத்த நிலையில் முனை கைக்கு மேலேயே நிற்பதால் அம்பு நழுவினால் கை கிழியும், அதுவும் வேட்டை முனை என்றால் கேட்கவே வேண்டாம்.

ரெஸ்டைத் தொடாமல் லேசான கார்பன் அம்புக்கு மாறுவது இன்னொரு வழி. என் ஓட்டு இதற்குத்தான். எதுவானாலும் அம்பின் எடை ஒரு பவுண்டு இழுவிசைக்கு 5 கிரெயின் (ஒரு கிரெயின் என்பது கிராமில் சுமார் 15-ல் ஒரு பங்கு) என்ற கணக்குக்குக் கீழே போகாதீர்கள், அதாவது 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின். குறைந்தால் அம்பில்லாமல் நாணை விட்ட மாதிரி அடி முழுக்க வில்லுக்கே.