காம்லெக்ஸ் மட்டும் போதுமா, ஸ்டெப் 2-வும் எழுதணுமா?

அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) மாணவர்களுக்குக் காம்லெக்ஸ் என்ற மருத்துவ உரிமத் தேர்வு கட்டாயம். எம்.டி. (அங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. உரிமத் தேர்வையும் (ஸ்டெப் 1, ஸ்டெப் 2 அதன் கட்டங்கள்) தலையில் தூக்கிக்கொள்வதா என்பதே குழப்பம்.

குடும்ப மருத்துவம்தான் விருப்பமா? காம்லெக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

எலும்பு அறுவை, தோல் மருத்துவம் என்றால் கதையே வேறு. 2020-இல் டி.ஓ., எம்.டி. ரெசிடென்சிகள் (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிகள்) ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. இரு பட்டத்தாரும் ஒரே வரிசையில்தான். 2022 முதல் ஸ்டெப் 1, காம்லெக்ஸ் லெவல் 1 இரண்டிலும் தேர்ச்சி மட்டுமே, மதிப்பெண் இல்லை. எடைபோட மிஞ்சுவது இரண்டாம் கட்டம். எம்.டி. மாணவர்களையே பார்த்துப் பழகிய ரெசிடென்சி இயக்குநருக்கு ஸ்டெப் 2-இல் 260 என்றால் சட்டென்று விளங்கும். காம்லெக்ஸில் 650 என்றால் விளக்கம் தேடுவார். அங்கே நான் ஸ்டெப் 2 பக்கம்தான். ஸ்டெப் 1-ஐத் தவிர்த்து அதை மட்டும் எழுதவும் வழியுண்டு; ஆனால் சில இடங்களில் இரண்டையும் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.