புது ப்ரீவீல் என்று 14,500 ரூபாய் வாங்கிவிட்டு என் பழசையே மாட்டிவிட்டார்கள்

முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். போனது 14,500 ரூபாய். கடை பெயர் வேண்டாம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், கியர் சைக்கிள் திருத்துகிற ஒரு கடை. ப்ரீவீல் என்றால் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பற்சக்கர அடுக்கு.

போன சனிக்கிழமை செயின் கரகரக்கிறது என்று கொண்டுபோனேன். கடைக்காரர் அளவுத் தகடு ஒன்றைச் செயினில் வைத்தார். பொத்தென்று உள்ளே விழுந்தது. "பாருங்க தம்பி, செயின் நீண்டது ஒரு சதவீதம் தாண்டிருச்சு. செயின மட்டும் மாத்தி பிரயோசனமில்ல, ப்ரீவீலும் தேஞ்சிருக்கும்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் எரிகிறது. நம் மழையும் சேறும் செயின் ஆணிகளைத் தேய்க்கும், செயின் நீளும், நீண்ட செயின் பற்களைத் தின்னும். இவ்வளவு விளக்குகிறவர் ஏமாற்றவா போகிறார் என்று 14,500 ரூபாயையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. பிளேன்டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறினேன். லிந்துலை தாண்டி எழுந்து நின்று மிதித்ததும் செயின் பல்லை விட்டுத் துள்ளியது. நான் ரோட்டில்.

வீட்டில் ஸ்கேல் வைத்தேன். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி, சரியாக 12 அங்குலம். செயின் புதுசுதான். அப்புறம் ப்ரீவீலைத் துடைத்தேன். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது நான் சிந்திய பச்சைத் துளி, அதன் பெரிய பற்சக்கரத்தின் உள்பக்கத்தில் அப்படியே! கழுவித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் எப்படி உட்காரும்?

போன் செய்தேன். "புதுசு, செட் ஆகணும், கொஞ்சம் ஓட்டுங்க." அடுத்த நாள் "கேபிள் லூசா இருக்கும்." நேரில் போனால் முதலாளி கண்டிக்குப் போய்விட்டாராம், உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. பச்சைத் துளியைக் காட்டினேன். "எல்லா ப்ரீவீல்லயும் அப்பிடித்தான் வரும்" என்றான் வேலைக்காரப் பையன்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. 24 கண்ணியின் நீளம் 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் உடனே செயினை மாற்றுங்கள், ப்ரீவீல் தப்பும். எட்டில் ஒன்று கூடிவிட்டால் இரண்டும் போச்சு. கழற்றிய பழசைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

14,500 ரூபாய். காலையிலிருந்து ஆறு தடவை அடித்துவிட்டேன், போனை எடுக்கிறார்களில்லை.